பூமி பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது

சூரியனிலிருந்து வெளிச்சம் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்துகொள்ளாமல் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் கடையில் யாரும் பட்டுப்புடவை எடுத்துவிட முடியாது. 'எட்டு நிமிஷம்' விடமாட்டார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

புடவை நிறத்தைக் கடை விளக்கில் நம்பக் கூடாது, வாசல் வெயிலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். மற்ற விற்பனையாளர்கள் நாங்கள் புடவையைப் பிரித்துவிட்டு வாயை மூடிக்கொள்வோம். அவர் திறப்பார்.

"இந்த வெயிலு இப்போ வந்தது இல்லம்மா. எட்டு நிமிஷம் இருவது செகண்டு முன்னாடி கெளம்பினது. அப்போ நீங்க ஆட்டோல வந்துக்கினு இருந்தீங்க."

அதோடு விட்டாரா? கடைதான் சூரியன், வெளிச்சத்துக்கு ஒரு நிமிஷம் என்றால் நமக்கு ஒரு நிமிஷ நடை என்று வைத்து ஊரையே நடந்து அளந்திருந்தார். எட்டு நிமிஷ நடையில் பஸ் ஸ்டாண்டு, அது பூமி. முக்கால் மணிக்குக் கொஞ்சம் முன்னால் திருப்பருத்திக்குன்றம், அது வியாழன். நாலு மணி நேரம் நடந்தால் தாமல் ஏரிக்கரை, நெப்டியூன். துணைக்குப் போன என் செருப்பு நெப்டியூனிலேயே அறுந்து கிடக்கிறது.

"கஸ்டமர் புடவை பாக்க வராங்களா, கிரகம் பாக்க வராங்களா? இன்னொரு தடவ சூரியன்னு வாயத் தொறந்தே, வேலை கெடையாதுபா" என்றார் முதலாளி.

மறுநாளே கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்தது. அரக்கு நிறப் புடவையை வாசலில் பிரிக்கும்போதா மேகம் மூட வேண்டும்?

"இருட்டா இருக்குதே, வேற கடை பாப்போம்" என்று பெண்ணின் அம்மா எழுந்தார். நம் 'எட்டு நிமிஷம்' பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பாவம், எவ்வளவு நேரம் கடிப்பார்?

"போவாதீங்கம்மா! வெளிச்சம் சூரியனை விட்டு எப்பவோ கெளம்பிடுச்சு. எட்டு நிமிஷம் ஓடியாந்து, கடைசியில மேகத்துல மாட்டிக்கினு நிக்குது. கொஞ்சம் ஒக்காருங்க."

அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். முதலாளி தெருவைக் காட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு 'எட்டு நிமிஷம்' இறங்கிப் போனார். நான் அந்த அம்மாளுக்குக் காபி வாங்கி வந்து கொடுத்தேன்.

அந்த அம்மாள் காபியைக் குடித்து முடிக்கவும் மேகம் விலகியது. வாசலில் பளீரென்று வெயில். அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டு நிமிஷம்னாரு, எட்டே நிமிஷத்துல வரவெச்சிட்டாரே! அவரைக் கூப்புடுங்க. அவர் காட்டினாதான் எடுப்போம்."

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். எங்கே தேடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. பைக்கை நேரே பூமிக்கு விட்டேன். பஸ் ஸ்டாண்டு வாசலில், கண் கலங்க, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கும் கரெக்டா எட்டுதான்பா."

"ஏறுங்கண்ணே. சூரியனுக்குத் திரும்பிப் போகணும்."

இன்றும் எங்கள் கடையில்தான் இருக்கிறார். அவர் லீவு போடும் நாளிலும் வெயில் வழக்கம்போல எட்டு நிமிஷத்தில் வந்துவிடுகிறது. எனக்குத்தான் பொழுது நகரமாட்டேன் என்கிறது.