கொள்ளிடக் கரையில் தீத்தடுப்பு சார்

ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம் என்று நடுவில் கிடக்கும் ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு, காட்டுத்தீயைத் தவிர வேறு எதையும் பேசாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருந்தார்.

வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவில் பெயர்ப்பலகை உண்டு. யாரும் அதை வாசித்ததில்லை. வாட்ச்மேன் முதல் அசோசியேஷன் தலைவர் வரை எல்லோருக்கும் அவர் தீத்தடுப்பு சார்.

நாங்கள் குடிவந்த அன்று வந்தார். ஊர் எது, என்ன வேலை என்றெல்லாம் கேட்கவில்லை. நேரே பால்கனிக்குப் போனார். தரையில் மிதியடி, அதன்மேல் பழைய பேப்பர் கட்டு, அதற்கு மேலே கொடியில் என் வேட்டி, அதற்கும் மேலே மாடி வீட்டுக்காரர் கட்டிய மூங்கில் தட்டி. கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஏணி போட்டுல்ல வச்சிருக்கீங்க" என்றார். காட்டில் புல்லில் பிடித்த தீ புதருக்குத் தாவி, புதரிலிருந்து கொடிக்கு, கொடியிலிருந்து மர உச்சிக்கு ஏறிவிடுமாம். நடுவில் நின்று ஏற்றிவிடுகிற சமாசாரத்துக்கு ஏணி எரிபொருள் என்று பெயராம். அன்று சாயங்காலமே பேப்பரை எடைக்குப் போட்டேன்.

ஒருமுறை அவரோடு மலைக்கோட்டை ஏறினோம். பாதி வழியில் எல்லோரும் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, அவர் மட்டும் உற்சாகமாக விளக்கினார். மேட்டில் ஏறும் தீ தனக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டே போகுமாம். "நமக்கு ஏறும்போது மூச்சு வாங்குது. தீக்கு இறங்கும்போதுதான் வாங்கும்" என்றார். பிள்ளையாரைக் கும்பிட்டபோது என் மனதில் அதுதான் இருந்தது.

பாலக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்தின் பின்கதவை ஒட்டிய கடைசி இலையில்தான் உட்காருவார். தப்பிக்கும் வழி தெரியாமல் உட்காரக் கூடாது என்பது அவர் சட்டம். அந்த இலை வரைக்கும் பாயசம் வந்து சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

சில சமயம், "பச்சைமலையில ஒரு தடவை காத்து திடீர்னு திரும்பிடுச்சு" என்று ஆரம்பித்து, தூரத்தைப் பார்த்தபடி நிறுத்திவிடுவார். மீதியை நாங்களே இட்டு நிரப்பிக்கொள்வோம். எங்கள் கற்பனையில் அவர் எத்தனையோ பேரைத் தோளில் சுமந்து புகைக்குள்ளிருந்து வந்திருக்கிறார்.

ஆனி மாதத்து மத்தியானம் ஒன்றில் நிஜமாகவே தீ வந்தது. எங்கள் ஃபிளாட்டுக்கும் கொள்ளிடக் கரைக்கும் நடுவில் காலி மனைகள். நாணலும் காய்ந்த புல்லும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும். யாரோ குப்பையைக் கொளுத்திவிட்டுப் போக, மேற்குக் காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போனது. கிழக்கு ஓரத்தில் எங்களுக்குப் பால் ஊற்றும் செல்வியின் மாட்டுக் கொட்டகை, பக்கத்தில் வைக்கோல் போர், அதை ஒட்டிக் கீற்று வீடுகள்.

நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன், கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். செல்வி மாடுகளை அவிழ்த்து ரோட்டுக்கு ஓட்டினார். நாங்கள் வாளியும் கையுமாக, எங்கே உயரமாக எரிந்ததோ அங்கே ஓடினோம்.

"தலைகிட்டப் போகாதீங்க. வாலுக்கு வாங்க" என்று குரல் கேட்டது. தீத்தடுப்பு சார் பனியனும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக நின்றார்.

காற்று தள்ளுகிற முனை தீயின் தலை. இரண்டு ஓரமும் விலா. கிளம்பிய இடம் வால். தலைக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது. எரிந்து முடிந்த கறுப்பு மண்ணில் காலை ஊன்றி, வாலிலிருந்து விலாவோடு அடித்துக்கொண்டே போக வேண்டும். லிஃப்டில், ரேஷன் கடையில், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கையில் எத்தனை தடவை கேட்டிருப்போம். பாதிப் பேர் ஈரச் சாக்கோடு வாலுக்கு ஓடினார்கள். மீதிப் பேர் கொட்டகைக்கு முன்னால் மண்வெட்டியால் புல்லைச் செதுக்கி, வெறும் மண் தெரிய ஒரு பாதை போட்டோம். அவர் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த தீத்தடுப்புக் கோடு அதுதான்.

ஆனால் தீப்பொறி அதைத் தாண்டிப் பறக்கும் என்பது பார்த்தாலே தெரிந்தது. சார் செல்வியிடம் தீப்பெட்டி கேட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கத்துப் புல்லை நாமே கொளுத்திவிட்டால், பெரிய தீ வந்து சேரும்போது அதற்குத் தின்ன ஒன்றும் இருக்காது. அதற்கு எதிர்த்தீ என்று பெயர்.

"வர்ற தீயை நிறுத்தச் சொன்னா, நீங்க இன்னொண்ணு வைக்கிறேங்கிறீங்களே சார். இதுக்கு முன்னாடி எங்க வச்சிருக்கீங்க?" என்றார் செல்வி.

தீப்பெட்டிக்கு நீட்டியிருந்த கையை அவர் இறக்கினார்.

"எங்கயும் இல்லம்மா. நான் காட்டுத்தீயைப் பாத்ததே இல்ல. ஆபீஸ்ல டைப்பிஸ்ட். வர்ற ரிப்போர்ட்டையெல்லாம் டைப் அடிச்சேன். அவ்வளவுதான்."

பச்சைமலையில் நாங்கள் அவர் தோளில் ஏற்றிவிட்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நொடியில் இறங்கிப் போனார்கள். செல்வி தீயைப் பார்த்தார், போரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"அந்த ரிப்போர்ட்டுல என்ன போட்டிருந்துச்சு?"

"வைக்கச் சொல்லித்தான்."

"அப்ப வைங்க."

காற்றில் முதல் குச்சி அணைந்தது. அடுத்தது பிடித்தது. சின்னத் தீ காற்றை எதிர்த்துத் தயங்கித் தயங்கி நகர்ந்தது. கோட்டைத் தாண்டி விழுந்த பொறிகளை நாங்கள் சாக்கால் அடித்தோம். பெரிய தீ நெருங்கியதும் சின்னது அதை நோக்கி இழுபட்டது. இரண்டும் மோதி ஆள் உயரத்துக்கு எழும்பி, தின்ன ஒன்றுமில்லாமல் அப்படியே படுத்தன. வைக்கோல் போரில் ஓர் ஓரம் கருகியது. வீடுகள் தப்பின.

தீயணைப்பு வண்டி வந்து மிச்சத்தை அணைத்தது. அதிகாரி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பயிற்சி இல்லாதவர்கள் எதிர்த்தீ வைக்கவே கூடாது, காற்று திரும்பியிருந்தால் விலாவே தலையாகி எல்லா வீடும் போயிருக்கும் என்று கண்டித்தார். நியாயமான கண்டிப்பு. சார் ஒவ்வொரு வார்த்தைக்கும் மலர்ந்துகொண்டே தலையாட்டினார். விலா, தலை என்று அவரிடம் திருப்பிப் பேசிய முதல் ஆள் அந்த அதிகாரிதான்.

சாயங்காலம் பார்க்கப் போனேன். அவர் மனைவி, தீயில் சுட்டுக்கொண்ட அவருடைய விரல்களுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பேச்சை மழைச் சத்தம் மாதிரி காதில் வாங்காமலே இருந்த அந்த அம்மா, விரலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "தலை, வால்னு என்னமோ சொல்வீங்களே, அது என்னங்க?"

சார் வாயைத் திறந்தார். புகை குடித்த தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. பாவமாக என்னைப் பார்த்தார்.

அதனால் நான் சொன்னேன். தப்பாகச் சொன்ன இடத்திலெல்லாம் அவர் மருந்து தடவிய விரலை உயர்த்தித் திருத்தினார். அந்த விரல் இன்னொரு தடவை உயரட்டுமே என்று, எது விலா எது வால் என்று வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன்.