காருக்கடியில் ஒரு பேய்

மூடிக்கிடந்த செருப்புக் கடையின் மாடிக்கு இப்படி ஒரு யோகம் அடிக்கும் என்று அந்தக் கட்டிடத்துச் சொந்தக்காரரே நினைத்திருக்க மாட்டார். பொழுது விடிந்ததிலிருந்து படிக்கட்டு முழுக்கக் கூட்டம். வரிசையில் நின்ற ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு தலையணை உறை. தூங்க வந்தவர்கள் இல்லை. உறைக்குள் இருந்தது லேப்டாப். வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கிற பேய் உஷாராகிவிடும் என்று வேககுரு சொல்லியிருந்தார்.

பேயா என்று கேட்காதீர்கள். கேட்பவர்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

விஷயம் இதுதான். ஊரில் பாதிப் பேர் ஒரே மாதிரி லேப்டாப் வாங்கியிருந்தார்கள். விலை குறைவு, எடை குறைவு, வியர்த்தால் எடுத்து விசிறிக்கொள்ளலாம். கடிதம் அடிக்கலாம், படம் பார்க்கலாம். அத்தோடு விட்டிருந்தால் வம்பில்லை. எல்லோரும் அதில் ஒரு கார்ப் பந்தய விளையாட்டை ஏற்றினார்கள். அது பெரிய இயந்திரங்களுக்காகச் செய்த விளையாட்டு. சட்னி அரைக்கிற மிக்ஸியில் ஜல்லியைக் கொட்டினால் என்ன ஆகும், அதுதான் ஆயிற்று. கார் கொஞ்சம் ஓடும், நின்று யோசிக்கும், பிறகு திடீரென்று ஞாபகம் வந்ததுபோல் சுவரில் போய் மோதும். லேப்டாப்பின் அடிப்பக்கம் தொடையைச் சுடும். நாம் வாங்கின பொருளுக்கு இவ்வளவுதான் தெம்பு என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, பேய் பிடித்திருக்கிறது என்றார். அனைவருக்கும் அப்பாடா என்றாகிவிட்டது. பேய் பிடித்தால் வாங்கினவன் மேல் தப்பில்லை பாருங்கள்.

அந்த ஒருவர்தான் வேககுரு. முன்பு எங்கோ செல்போன் கடையில் இருந்தவராம். அதைப் பூர்வாசிரமம் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். கறுப்பு அங்கி, கழுத்தில் ஒரு பழைய சார்ஜர் வயர், கையில் தலைமுடி உலர்த்துகிற மெஷின். அதிலிருந்து வருவது சாதாரணக் காற்று இல்லையாம், ஆவியை விரட்டும் காற்றாம். அவருடைய தத்துவம் ரொம்ப எளிமையானது.

"கார் ஓடும்போது கவனிச்சிருக்கீங்களா? காருக்கடியில கறுப்பா ஒண்ணு கூடவே ஓடுது. அது யாரு? அதுதான் சக்கரத்தைப் பிடிச்சு இழுக்குது."

வெயிலில் நின்றால் தங்கள் காலடியிலும் கறுப்பாக ஒன்று கிடப்பதை வாழ்நாளெல்லாம் பார்த்து வந்த ஜனங்கள், ஆமாம்ல என்று வாயைப் பிளந்தார்கள். ஒரு பல் டாக்டர், எங்க லேப்டாப்ல மரத்துக்கடியில கூட இருக்குங்க என்று நடுங்கினார்.

குரு லேப்டாப்பை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார். முணுமுணுப்பு கேட்கும், காற்று மெஷின் உறுமும். வெளியே வந்தால் கார் பறக்கும். பொய் இல்லை, நிஜமாகவே பறக்கும். காருக்கடியில் இருந்த கறுப்பைக் காணோம். மரத்துக்கடியில் காணோம். சாலையோரத்துப் புல்லையும் காணோம். புல் எங்கே சாமி என்று யாராவது கேட்டால், பேய் போற வேகத்துல எரிஞ்சுபோச்சு என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். காணிக்கைப் பெட்டி தினமும் நிறையும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் உண்டு. பாலிசி எடுக்க வருபவரிடம் அவர் தாத்தா எதனால் செத்தார் என்பதுவரை துருவித் துருவிக் கேட்கிற மனுஷன், குருவிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பேய் போன லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கி வந்து மனைவியிடம் காட்டிக் குதித்தார்.

சொல்லப்போனால் அந்த லேப்டாப் மனைவியுடையது. அவர் ஒரு பாடப்புத்தகப் பதிப்பகத்துக்குப் பிழை திருத்துகிறவர். பகலெல்லாம் பக்கங்கள் அதில்தான் வரும், அதில்தான் திரும்பிப் போகும். வீட்டு வாடகைக்கு நம்பியிருப்பது அந்த வேலையைத்தான். சாயங்காலமானால் கணவர் அதைப் பிடுங்கிக்கொண்டு பந்தயத்துக்குப் போய்விடுவார்.

மனைவி திரையை உற்றுப் பார்த்தார். நிழல் இல்லை, புல் இல்லை, பந்தயம் பார்க்கிற கூட்டத்தில் பாதி இல்லை. காரின் கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. இத்தனை பேரை எந்தப் பேய் கூட்டிப்போயிற்று என்று அவருக்குச் சந்தேகம். விளையாட்டின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தார். வரிசையாக எல்லாமே அணைத்து வைத்திருந்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. நிழல்னு போட்டிருக்கு, பக்கத்துல இல்லைன்னு இருக்கு. அவர் இதை அமுக்கிட்டு வந்திருக்கார், அவ்வளவுதான்."

"நீ ஒண்ணு. பேய் போனதால அது தானா இல்லைன்னு மாறியிருக்கு. எல்லாத்துலயும் தப்பு கண்டுபிடிக்கறதே உனக்குப் பொழப்பாப் போச்சு."

அது உண்மையிலேயே அவருடைய பிழைப்புதான் என்பதால் மனைவி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தார். தலையிலடித்துக்கொள்வதற்கும் நேரமில்லை, பக்கங்கள் காத்திருந்தன.

அடுத்த வாரம் விளையாட்டுக்கு ஒரு அப்டேட் வந்தது. செட்டிங்ஸ் எல்லாம் பழையபடி மாறிக்கொண்டன. நிழல் திரும்பி வந்தது, கூடவே புல்லும். கணவர் அலறியடித்துக்கொண்டு குருவிடம் ஓடினார், பேய் போயிற்று. இன்னொரு அப்டேட், இன்னொரு பேய். மறுபடி போய் நின்றபோது குரு லேப்டாப்பின் மேல் கையை வைத்து, கண்ணை உருட்டி, பெரிதாக மூச்சை இழுத்து விட்டார். இது சாதாரணப் பேய் இல்லையாம், வேர்விட்ட பேயாம். இனி ஓட்ட முடியாதாம். லேப்டாப்பையே அடக்கம் செய்ய வேண்டுமாம். தம்முடைய உள்ளறையில் அதற்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறாராம். வீட்டில் வைத்திருந்தால் குடும்பத் தலைவருக்கு ஆகாதாம்.

குடும்பத் தலைவருக்கு ஆகாது என்றதும் குடும்பத் தலைவர் வெலவெலத்துப் போனார். மறுநாளே அடக்கத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். பதிப்பகத்துப் பக்கங்கள் பாதியில் நின்றன. இன்னொரு லேப்டாப்புக்கு வழியில்லை. லேப்டாப் போனால் வேலை போகும். மனைவிக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஆனால் சண்டை போடவில்லை. நானும் அடக்கத்துக்கு வரேன், ஒரு தடவை முகம் பார்த்துக்கறேன் என்றார். கணவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாடியில் அன்றைக்கும் கூட்டம் நிரம்பி வழிந்தது. குரு இரண்டு கைகளையும் நீட்டினார். மனைவி லேப்டாப்பைக் கொடுக்கவில்லை. அங்கிருந்த மேஜையில் வைத்துத் திறந்து, பந்தய விளையாட்டை ஓடவிட்டார்.

"கை வெச்சாலே பேய் இருக்கா இல்லையான்னு உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க."

"தெரியும்மா. அது எனக்கு வாய்ச்ச வரம்."

"அப்போ திரை என் பக்கம் இருக்கட்டும். நீங்க பின்பக்கமா மூடி மேல கை வெச்சுச் சொல்லுங்க. நான் பார்த்துக்கறேன். டாக்டர், நீங்களும் இப்படி வந்து நில்லுங்க. நான் பொய் சொன்னா நீங்க சொல்லிடுவீங்க."

வரிசையில் நின்ற பல் டாக்டர் பயந்துகொண்டே வந்து நின்றார். குருவுக்குப் பின்வாங்க வழியில்லை, அத்தனை கண்களும் அவர் மேல். கையை வைத்தார். உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, இருக்கு, திமிறுது என்றார்.

டாக்டர் திரையைக் குனிந்து பார்த்தார். "காருக்கடியில ஒண்ணுமே இல்லீங்களே."

மனைவி எதையோ அமுக்கினார். குரு இந்த முறை சுதாரித்துக்கொண்டார். ஓடிப்போச்சு, என் கை பட்டதும் ஓடிப்போச்சு என்றார். டாக்டர் தயங்கித் தயங்கி, இப்போதான் வந்திருக்கு சாமி, மரத்துக்கடியிலகூட இருக்கு என்றார். வரிசையின் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

மனைவி மறுபடியும் எதையோ அமுக்கினார். குரு நடுவழியைப் பிடித்தார். வர்றதும் போறதுமா இருக்கு, ரொம்ப உக்கிரமா இருக்கு, எல்லாரும் தள்ளி நில்லுங்க என்று கத்தினார். மனைவி லேப்டாப்பைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். திரை இருட்டாகக் கிடந்தது. லேப்டாப்பையே அணைத்திருந்தார்.

அணைத்து வைத்த லேப்டாப்பில் உக்கிரமான பேயைக் கண்டுபிடித்த குருவைப் பார்த்து அந்தப் படிக்கட்டே சிரித்தது. மனைவி லேப்டாப்பை உயிர்ப்பித்து எல்லோருக்கும் செட்டிங்ஸைக் காட்டினார். ஒரு அமுக்கு, பேய் வந்தது. இன்னொரு அமுக்கு, போயிற்று. இது சின்ன மெஷின், நிழல் புல் கூட்டம் எல்லாத்தையும் வரையச் சொன்னா மூச்சு வாங்கும், சுமையைக் குறைச்சா ஓடும் என்று அமைதியாகச் சொன்னார். டாக்டர் தாமும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்து, நான் பேயை வரவழைச்சிட்டேன் என்று பூரித்துப்போனார். அப்புறம் ஆளாளுக்கு வந்து பேயை வரவழைத்தார்கள். பாவம், அந்தப் பேய்க்கு வாழ்நாளில் அவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

யாரோ உள்ளறைக் கதவைத் தள்ளினார்கள். அடக்கமான லேப்டாப்கள் எல்லாம் துடைத்துப் பளபளவென்று அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு: நல்ல கண்டிஷன், ஒரே ஆள் பயன்படுத்தியது. தங்கள் பிணங்களை அடையாளம் கண்டவர்கள் திரும்பிப் பார்த்தபோது குருவைக் காணோம். பின்பக்கப் படியில் அங்கி மட்டும் கிடந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டம் என்றால் கூட்டம்தானே. கொஞ்ச நேரம் கசமுசா என்று பேசினார்கள். பிறகு, சொல்லிவைத்த மாதிரி, அந்த மனைவியின் முன்னால் வரிசையாக நின்றார்கள். முதல் ஆளாக நின்றவர் பல் டாக்டர். அவருக்குப் பின்னால் சொந்தக் கணவர்.

"அம்மா, அந்தாளு போலி. உங்களுக்குத்தான் நிஜமான சக்தி இருக்கு. எங்க லேப்டாப்பையும் ஒரு தடவை தொட்டுக் குடுங்க" என்றார் டாக்டர்.

மனைவி தம் லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கணவரை ஒரு பார்வை, கூட்டத்தை ஒரு பார்வை.

"லேப்டாப்ல சுமையைக் குறைச்சா வேகமா ஓடும்னுதான் சொன்னேன். உங்க தலையில எதையுமே ஏத்தாம வெச்சிருக்கீங்களே, அது ஏன் இன்னும் ஓட மாட்டேங்குது?"