அஞ்சு ஏன்

இனி வீட்டில் வாக்குவாதம் கிடையாது, ஆய்வு மட்டும்தான் என்று நான் முடிவெடுத்த நாளை நினைத்தால் இப்போதும் என்னை நானே நொந்துகொள்கிறேன்.

என் தொழில் அப்படி. சாஃப்ட்வேர் கம்பெனிக்காக வாடிக்கையாளரிடம் தேவை கேட்பவன் நான். அவர் யானை வேண்டும் என்பார். ஏன் என்பேன். பதில் வந்தால் அதற்கும் ஏன். ஐந்தாவது ஏனில் அவருக்கு உண்மையில் வேண்டியது பூனைதான் என்று வெளியே வந்துவிடும். அவர் தலையாட்டியதும் அதையே முடிவென்று எழுதிப் பூட்டிவிடுவேன். அப்புறம் பூனைக்கு வாலைக்கூட நீட்ட முடியாது. இந்தப் பிழைப்பை வெண்ணந்தூரில் வீட்டிலிருந்தே நடத்துகிறேன்.

பக்கத்து வீட்டு மணியனின் தறிகள் எங்கள் முன்னறைச் சுவரை ஒட்டி ஓடுகின்றன. போனில் நான் வாயைத் திறந்தால் தறிதான் பேசும். "இன்னொரு தடவை இந்தச் சத்தம் கேட்டால் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்துவிடு" என்றார் மேனேஜர். சத்தம் எட்டாத இடம் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறை ஒன்றுதான். அங்கே மேசை போட்டால் நான் பிழைத்தேன்.

அங்கேதான் வாஷிங் மெஷின் வைக்க வேண்டும் என்றாள் மனைவி அறிவுமதி. பள்ளிக்கூட டீச்சர்.

"ஆபீஸ் முறையில பேசலாம். அஞ்சு தடவ ஏன்னு கேப்பேன். கடைசியா வர்ற காரணத்துக்குத்தான் வழி பண்ணோணும். ஒத்துக்கிட்டா அப்புறம் மாத்தக்கூடாது."

"ரெண்டு பேருமேங்களா?"

"ரெண்டு பேரும்தான்."

"சரீங்க, கேளுங்க."

பாவம், சிக்கிக்கொண்டாள் என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

"மெஷின் ஏன்?"

"தொவைக்க நேரமில்லீங்க."

"ஏன் இல்ல?"

"எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் கெளம்போணும். அதுக்குள்ள சோறாக்கோணும், தண்ணி புடிக்கோணும், பாத்திரம் கழுவோணும்."

"அத்தனையும் ஏன் ஒருத்தியே செய்யற?"

"கூட ஆளில்லீங்க."

"ஏன் இல்ல?"

அங்கேயே நாக்கைக் கடித்திருக்க வேண்டும். தொழில் பழக்கம் விடவில்லை.

"இருக்கற ஆளு ஒம்பதரை வரைக்கும் கட்டல்ல கெடக்குதுங்க."

நான் நைசாக எழுந்தேன்.

"இன்னும் ஒரு ஏன் பாக்கி இருக்குதுங்க" என்றாள்.

"போதும் அறிவு."

"அஞ்சுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"ஏன் கெடக்குது?" என்று ஈனக் குரலில் கேட்டேன்.

"ஆபீஸ் பத்து மணிக்குத்தானுங்க. வெள்ளெனா எந்திரிச்சா செய்யறதுக்கு வேலையில்லீங்க. அதுதான் காரணம். மெஷினெல்லாம் வேண்டாமுங்க, உங்களுக்கு ஒரு வேல குடுத்தாப் போதும். அந்த ரூமையும் நீங்களே வெச்சுக்கங்க."

அறை கிடைத்தது. கூடவே துவைக்கிற கல்லும் கிடைத்தது. விடியற்காலையில் போர்வையோடு மல்லுக்கட்டுகிறேன். விரல்கள் ஊறிப்போய் லேப்டாப்பில் தட்டினால் வழுக்குகின்றன. இடுப்பு எனக்குச் சொந்தமில்லை என்று ஆகிவிட்டது. மணியன் வேறு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "காலர அழுத்தித் தேய்ங்க தம்பி" என்கிறார். அழுகையே வந்துவிட்டது.

அறிவுமதியிடம் சரணடைந்தேன்.

"மெஷினே வாங்கிரலாம் அறிவு. ரூமையும் எடுத்துக்க."

"மாத்தக்கூடாதுன்னு பூட்டியாச்சுங்களே!"

கடைசி நம்பிக்கையாக மேனேஜருக்குப் போன் போட்டேன். கையில் சோப்பு நுரை, அதனால் ஸ்பீக்கரில்.

"சார், நான் சென்னைக்கே வந்துடறேன் சார்."

"இப்பத்தான் மீட்டிங்ல தறிச் சத்தமே வர்றதில்லையேப்பா. ஏன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அறிவுமதி பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு இன்னொரு பக்கெட் துணியை என் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னும் நாலு ஏன் இருக்குதுங்க. பதில் சொல்லிட்டு இதையும் அலசிப் போட்டுருங்க, நான் வாரேன்."