காற்று ஆகாத மரம்

ஒற்றை மரத்தார் என்று ஒரு வகை மனிதர்கள் உண்டு. இவர்களைத் தோட்டக்காரர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தோட்டக்காரரிடம் பத்துச் செடி இருக்கும், ஒன்று வாடினால் மனிதர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்ததற்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். ஒற்றை மரத்தாரிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் அந்த ஊர் வெயிலுக்கும் மண்ணுக்கும் துளியும் ஒத்துவராத மரம். ஒத்துவந்துவிட்டால் பீற்றிக்கொள்ள என்ன மிச்சம் இருக்கிறது?

நம்மவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவருக்குக் கொக்கோ மாமா என்று பெயர். மழைக்காட்டில் பிறந்த கொக்கோ மரத்தை, சமையலறைக்கும் மனைவியின் தையல் அறைக்கும் நடுவே ஒரு கட்டில் போடும் அளவுள்ள கொல்லையில் வளர்க்கிறார். வீட்டுக்குள் யார் வந்தாலும் நேரே அங்கேதான் அழைத்துப் போவார். சாக்லேட் எதிலிருந்து வருகிறது தெரியுமா என்று கேட்பார். தெரியும் என்று சொன்னாலும் விடமாட்டார். கிளையில் பூக்காமல் அடிமரத்திலேயே பூப்பதையும், கொட்டைகளைக் குவித்துப் புளிக்கவைத்துப் பிறகு காயப்போடுவதையும், அதன் கொழுப்பு சோப்பு முதல் உதட்டுக் களிம்பு வரை போவதையும் அவர் விவரித்து முடிக்கும்வரை, கேஸ் கொண்டுவந்தவர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றார். மரமோ அதுவரை ஒரு காய்கூடக் காய்க்கவில்லை.

காய்க்கவைக்கத்தான் வீட்டில் சட்டங்கள் பிறந்தன. கொக்கோவுக்கு நிழல் வேண்டும். கொல்லைக்கு மேலே பச்சை வலை ஏறியது, தையல் அறை இருண்டது. கொக்கோவுக்குக் காற்று ஆகாது. தையல் அறை ஜன்னல் ஆணி அடித்து மூடப்பட்டது. கொக்கோவுக்கு ஈரப்பதம் வேண்டும். காலையும் மாலையும் சுவரெல்லாம் தண்ணீர் தெளிக்கப்பட்டது. பூவிலிருந்து பூவுக்கு மகரந்தம் சுமக்கக் கொசுவைவிடச் சின்னப் பூச்சி ஒன்று வரவேண்டுமாம். அது அழுகலில்தான் பெருகுமாம். ஆகவே வாழைத்தண்டுத் துண்டுகள் ஜன்னலடியில் குவிந்தன, துடைப்பத்துக்குத் தடை வந்தது. இத்தனைக்கும் மனிதர் நல்லவர்தான். யாரிடமும் கோபப்பட்டதில்லை. நல்லவர்களிடம் அகப்பட்டவர்களுக்குத்தான் தப்பிக்க வழி தெரிவதில்லை.

அவர் மனைவி பள்ளிச் சீருடைகள் தைப்பவர். வெள்ளைத் துணியில் பூஞ்சை பூத்தது. பட்டப்பகலில் விளக்குப் போட்டு ஊசியில் நூல் கோத்தார். அப்புறம் இருமல் வந்தது. முதலில் காலையில் மட்டும், பிறகு மிஷின் ஓசையையும் மீறிக்கொண்டு. வைத்தியர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, ஈரமில்லாத, வெயில் படுகிற அறையில் இருக்கச் சொன்னார்.

"ஏங்க, அந்த ஜன்னலை மட்டும் திறந்துவிடுங்களேன்."

"நானும் அதைத்தான் யோசிச்சிட்டு இருக்கேன். இலை ஓரம் காயுது பாத்தியா? எங்கேயோ இடுக்குல காத்து வருது."

அந்த வாரமே மனைவி தையல் மிஷினோடு பக்கத்துத் தெருவில் உள்ள தன் தங்கை வீட்டு மாடி அறைக்குப் போனார். சண்டையெல்லாம் இல்லை. வேலை முடிந்ததும் வருகிறேன் என்றுதான் சொன்னார். மிஷினின் ஒரு பக்கத்தைக் கணவரே பிடித்துத் தூக்கிப் படியேற்றினார். திரும்பி வந்தவர் காலியான அறையைப் பார்த்தார். தொட்டியில் நாற்றுப்போட இடம் கிடைத்ததே என்று ரொம்பச் சந்தோஷப்பட்டார். மனைவியும் சந்தோஷமாகத்தான் இருந்தார். தங்கை வீட்டில் நாலு பக்கமும் ஜன்னல்.

வேலை முடியவில்லை. பள்ளி திறந்தது, மழை வந்து போனது, அப்போதும் முடியவில்லை. ஒருநாள் சாயங்காலம் கொக்கோ மாமா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். அடிமரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பிஞ்சு விட்டிருக்கிறதாம். உடனே கிளம்பி வந்து பார்க்கவேண்டுமாம். மனைவி மிஷினை நிறுத்தினார். எழுந்திருக்கவில்லை.

"நல்ல விஷயம்தான். ஆனா நான் அங்க வரலைங்க. இங்க வந்தப்புறம்தான் இருமல் நின்னிருக்கு."

அவர் நிஜமாகவே கவலைப்பட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இருமலா? நீ எப்ப இருமின?"

அந்த அம்மாள் மறுபடி துணியை ஊசிக்கடியில் தள்ளினார்.

நீங்கள் சிரிக்கலாம். உங்கள் வீட்டில் கொக்கோ மரம் இல்லை. உங்களிடம் இருப்பது புத்தகமோ, வியாபாரமோ, நாட்டு நடப்போ, எதுவோ ஒன்று. அது இருக்கட்டும். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள் அறையிலிருந்து யாரோ உங்களை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். என்னவென்று போய்க் கேளுங்கள்.