ஜெபமாலை நேரத்து நீர்மூழ்கி

ஷாஜனின் நீர்மூழ்கிக் கப்பல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆழத்தில் இறங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, குவைத்திலிருந்து ரெனிஷா ஜெபமாலையின் மூன்றாம் பத்தைத் தொடங்கினாள்.

தினமும் அந்திக்கு இதுதான் வழக்கம். நர்சு வேலைக்குப் போனவள் போனில், பத்துப் பத்தாக ஐம்பது முறை, மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்வாள். கோட்டாற்று வீட்டில் ஒற்றையாளாக இருக்கும் புருஷன் மறுபாதியைச் சொல்ல வேண்டும். அவனுடைய கம்ப்யூட்டர் விளையாட்டும் சரியாக அப்போதுதான் சூடுபிடிக்கும்.

"தூய மரியே... லெஃப்ட்டு, லெஃப்ட்டு!" வாய் தவறிவிட்டது.

"என்னது லெஃப்ட்டு?"

"கொசு, மக்கா. லெஃப்ட்டு காதுல."

"அந்தக் கப்பல் வெளையாட்டா? லீவுக்கு வந்தப்ப எனக்கே அத சொல்லித் தந்த ஆளாக்கும் நீங்க."

"சீ, அத விட்டு எவ்வளவு நாளாச்சு!"

மறுநாள் விளையாட்டே அவனுக்கு வழி காட்டியது. குண்டு தேடி வரும்போது நீர்மூழ்கி 'டிகாய்' என்று ஒரு பொய்க் கப்பலை வெளியே விடும். அது அசலைப் போலவே சத்தம் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் போகும். எதிரி அதன் பின்னால் ஓட, அசல் எஞ்சினை நிறுத்திவிட்டு நைசாக மறுபக்கம் நழுவும். ஷாஜன் மந்திரத்தின் மறுபாதியைப் பழைய போனில் பதிவு செய்து, இடைவெளி விட்டுவிட்டு ஓடும்படி வைத்து, பேசுகிற போனுக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தான்.

"மூஞ்சியக் காணல்லியே?"

"ரேஞ்சு இல்ல. வீடியோவ ஆஃப் பண்ணிட்டேன்."

ஜெபமாலை முடிந்ததும் ரெனிஷா கேட்டாள்: "ஏன், கோட்டாத்துல இன்னைக்கு மீன்காரன் அம்பது மட்டம் வந்தானா?"

பதிவு செய்தபோது தெருவில் போன மீன்காரனின் ஹாரன் சத்தமும் உள்ளே விழுந்து, ஐம்பது தடவையும் ஒலித்திருந்தது. அடுத்த நாள் போர்வைக்குள் புகுந்து புதிதாகப் பதிவு செய்தான்.

"குரலு ஏன் அடச்சுக் கெடக்கு? காய்ச்சலா?"

"ஆமா" என்று தப்பித்தான். அந்த ஒரு ஆமாவுக்காக வாரம் முழுக்க இருமித் தொலைக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. தன் வீடியோவையும் அணைத்துவிட்டாள். இரண்டு பாதிகளும் நூல் பிடித்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. முடிந்ததும், "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "சரி, வைக்கேன்." அவ்வளவுதான்.

மாட்டிக்கொள்ளவில்லை என்று குதிக்க வேண்டியவனுக்குச் சந்தோஷமே வரவில்லை. கண்டுபிடித்துச் சண்டை போடுவாள் என்று உள்ளுக்குள் காத்திருந்தான். இப்போது அவனைத் தேடி வருவதற்கென்று இருந்தவன், இணையத்தில் அவனுக்கு எதிராக ஆடும் ஊர் பேர் தெரியாத ஒரு போர்க்கப்பல்காரன் மட்டும்தான். கொஞ்ச நாளாக எங்கே ஒளிந்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடுவான். என்ன டிகாய் விட்டாலும் ஏமாற மாட்டான். ஆனால் குண்டு போடத் தெரியாது. அந்த மடையன் மேல் ஷாஜனுக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது.

அன்று நான்காம் பத்தின் நடுவே பழைய போனில் சார்ஜ் தீர்ந்தது. மறுபாதி நின்றுபோனது. கப்பலை நட்டநடுக் கடலில் அப்படியே போட்டுவிட்டு ஷாஜன் ஓடினான்.

"ரெனி, ரேஞ்சு போச்சு..."

அவள் அடுத்த மந்திரத்தைச் சொன்னாள்.

"ரெனி, கோவமா?"

அதற்கடுத்ததைச் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. இவ்வளவு கோபத்தை அவன் அவளிடம் பார்த்ததே இல்லை.

"மக்கா, மன்னிச்சிரு. வெளையாட்டுலதான் இருந்தேன். நீ இல்லாம வீட்டுக்குள்ள இருக்க முடியல்ல. எனக்கு உன்னக் காணணும். திட்டவாவது செய், ரெனி!"

அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் ஜெபித்துக்கொண்டே போனாள். ஷாஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைத் திரும்பிப் பார்த்தான். அசையாமல் கிடந்த அவன் கப்பலுக்கு நேர் மேலே எதிரி வந்து நின்றிருந்தான். குண்டு மட்டும் விழவில்லை.

போனை யாரோ கையில் எடுக்கும் சத்தம் கேட்டது. ரெனிஷாவோடு ஒரே அறையில் இருக்கும் பெமிலா பேசினாள்.

"அண்ணா, இங்க ஜெபம் சொல்லது ரெக்கார்டாக்கும். அக்கா அந்தால கம்ப்யூட்டர்ல இருக்கா. உங்க கப்பல முக்கிட்டா நீங்க எழும்பிப் போயிருவியன்னு, தெனமும் குண்டத் தள்ளித் தள்ளிப் போட்டுட்டிருக்கா."