வெர்லன் மாமாவின் ஸ்டிக்கர்

வெர்லன் மாமாவுக்கு,

முழுதாகத் திறந்துதான் இருந்தது. போனில் ரஸலிடம் கேட்டீர்களாம், "அந்தப் பொண்ணு நைட்ரஸ் பாட்டில் வால்வை ஒழுங்காத் திறந்தாளா?" என்று. திறந்தேன். கடைசித் திருகு வரை. ஐந்து மாதமாக, ஒவ்வொரு சனிக்கிழமையும். இதே கேள்வியை இதுவரை பதினோரு ஆண்கள் கேட்டுவிட்டார்கள். நீங்கள் பன்னிரண்டாவது.

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். பின்னால் மரியாதைக்கு இடம் இருக்குமா என்று தெரியவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஈஸ்டருக்கு அத்தை கொண்டுவந்த பீச் பை மிக நன்றாக இருந்தது. அந்த வருகையில் நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

இனி விஷயம். வருகிற சனிக்கிழமை ஹாலோ க்ரீக் திடலில் இந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். எங்கள் நோவா காரை ஓட்டப்போவது நானில்லை. ட்ராவிஸ். அண்ணியின் தம்பி. ரஸல் அண்ணன் முடிவு செய்துவிட்டான். கார் மெதுவாகப் போகிறது. காருக்குள் இருப்பது நான். அவனுக்கு இந்த இரண்டு வாக்கியங்கள் போதும்.

மார்ச்சில் எட்டில் ஒரு பங்கு மைலை ஆறு புள்ளி நான்கு நொடியில் முடித்தேன். ஈஸ்டருக்குப் பிறகு ஆறு புள்ளி எட்டு. சில வாரம் ஆறு புள்ளி ஒன்பது. பெடலை முழுதாக மிதித்ததும் பாட்டிலில் இருக்கிற நைட்ரஸ் எஞ்சினுக்குள் பாயும், முதுகில் யாரோ உதைத்தது போல இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். இப்போது யாரோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தோளைத் தொடுவது போல இருக்கிறது. பாட்டில் புதிதாக நிரம்பியிருக்கும் முதல் ஓட்டம் பரவாயில்லை. அடுத்ததிலிருந்து இளைக்கிறது. இதை ரஸலிடம் சொன்னேன்.

"முதல் ஓட்டத்துல தைரியமா மிதிக்கிற. அப்புறம் பயந்துடற," என்றான்.

"பாட்டில்ல அழுத்தம் இறங்குது ரஸல். நீயே மீட்டரைப் பாரு."

"புத்தகம் படிச்ச கால். யோசிச்சு யோசிச்சுத்தான் மிதிக்கும்," என்றான் ட்ராவிஸ். எல்லோரும் சிரித்தார்கள். லெக்சிங்டனில் நான் இரண்டு வருடம் படித்தது ஏதோ காலில் வந்த வியாதி போல.

முதலில் ரஸல் வடிகட்டியை மாற்றினான், அப்புறம் வயர்களை, அப்புறம் நைட்ரஸைத் திறந்துவிடும் சொலினாய்டு இரண்டையும், அதிலும் குறையில்லை என்றதும் பாட்டிலைச் சுற்றிக் கட்ட ஒரு சூடேற்றும் உறை வாங்கிவந்தான், அது பாட்டிலைச் சூடாக்குவதற்கு முன் தரைவிரிப்பைச் சூடாக்கிவிட்டது, தீயணைப்பானை அடித்தோம், உள்ளே எல்லாம் வெள்ளைப் பொடி, அந்தப் பொடியோடு தும்மிக்கொண்டே ஓட்டி ஆறு புள்ளி ஒன்பது, அடுத்த வாரம் திடலின் பாதிரியாரைக் கூட்டிவந்து பானட்டின் மேல் கை வைத்து ஜெபிக்கச் சொன்னான், அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெபித்தார், இத்தனை பேரில் என் காலைப் பற்றி ஒன்றும் சொல்லாதவர் அவர் ஒருவர்தான், ஆமென் சொல்லி வாய் மூடுவதற்குள் ட்ராவிஸ் ஆரம்பித்துவிட்டான், பாரம் கூடினால் கார் மெதுவாகத்தானே போகும், பாரம் என்றால் எது எது என்று.

"கேக்கறதுக்கே சங்கடமா இருக்கு, பொண்ணு வேற," என்றான்.

கேட்டார்கள். தீவன மூட்டை நிறுக்கும் தராசில், ஹெல்மெட்டோடு, பூட்ஸோடு, என்னை ஏற்றி நிறுத்தினான் ரஸல். எண்ணைச் சத்தமாக வாசித்தான். பக்கத்துக் கூடாரத்திலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அன்றிலிருந்து எனக்குக் காலையில் அம்மா சுடும் பிஸ்கட்டும் கிரேவியும் கிடையாது.

"ஒரு பிஸ்கட் தின்னா கார் நின்னுடுமாடா?" என்றாள் அம்மா.

"நிக்காதும்மா. மெதுவாப் போகும்."

ஒன்பது பவுண்டு இளைத்தேன். கார் அப்போதும் ஆறு புள்ளி ஒன்பது.

சரி, இனி நீங்கள் வருகிற இடம். பாட்டிலை நிரப்ப எப்போதும் ரஸல்தான் போவான். நிரப்பும் வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டு அரட்டைக்குப் போய்விடுவான். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அவனும் சொன்னதில்லை, இவனும் கேட்டதில்லை. போன வாரம் ரஸலுக்குப் பல்வலி. நான் போனேன், நகரத்துக் கடைக்கு. கல்லாவில் இருந்த பெர்னீஸ் பாட்டிலை வாங்கித் தராசில் வைத்தாள். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தாள்.

"இது காலின்னு யாரும்மா சொன்னது? பத்துல ஆறரை பவுண்டு அப்படியே இருக்கே."

"மூணு தடவை ஓட்டியாச்சு."

"எதைக் குடிச்சிட்டு ஓடுச்சு உங்க கார்? பாட்டிலை எப்படிப் படுக்க வெச்சிருக்கீங்க? லேபிள் மேலதானே?"

தராசில் நிற்க வேண்டியது பாட்டில். நின்றது நான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான் மாமா, இருந்தாலும் சொல்கிறேன். உள்ளே ஒரு குழாய் இருக்கிறது. அதன் முனை வளைந்து அடியைத் தொட வேண்டும், அங்கேதான் திரவம் கிடக்கும். லேபிள் மேலே இருந்தால் முனை அடியில். லேபிளைக் கீழே திருப்பினால் முனை மேலே போய்விடும். அப்புறம் உறிஞ்சுவது வெறும் ஆவி. ஐந்து மாதமாக நான் ஆவியில் ஓட்டியிருக்கிறேன்.

திருப்பியது யார்? ஈஸ்டர் ஞாயிறு. பை சாப்பிட்ட கையோடு ஷெட்டுக்கு வந்தீர்கள். உங்கள் கடைப் பெயர் போட்ட ஸ்டிக்கரை லேபிளுக்கு நேர் பின்பக்கம் ஒட்டினீர்கள். "பாட்டில் நான் குடுத்தது. பின்கண்ணாடி வழியா என் பேரு தெரிய வேணாமாடா?" என்று சொல்லிப் பட்டையைத் தளர்த்தி, அரைவட்டம் திருப்பி, இறுக்கி, போட்டோவுக்கு நின்றீர்கள். நான்தான் எடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை நிரப்பி வைக்கும்போதும் ஸ்டிக்கர் மேலே வருகிறதா என்று பார்த்து, துணியால் துடைத்து வைப்பான் ரஸல். சொலினாய்டைச் சந்தேகப்பட்டான். வயரைச் சந்தேகப்பட்டான். என் தொடையைச் சந்தேகப்பட்டான். நீங்கள் வைத்ததைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவில்லை.

பெர்னீஸ் சொன்னதை அன்று மாலையே சொன்னேன். ட்ராவிஸும் பக்கத்தில்தான் நின்றான்.

"மாமா பேரைக் குப்புறப் போடணும்கறியா?" என்றான் ரஸல்.

"ஆமா."

"முப்பது வருஷமா கார் கட்டறவரு அவரு. நீ கவிதை படிச்சவ."

நானே திருப்பியிருக்கலாம். யோசித்தேன். ரகசியமாகத் திருப்பி, சனிக்கிழமை ட்ராவிஸ் ஆறு புள்ளி நான்கில் வந்தால், கோளாறு நான்தான் என்று உறுதியாகிவிடும். பிறகு எப்போதும் உறுதிதான். லெக்சிங்டனிலிருந்து திரும்பி வந்த எனக்கு இந்த ஊரில் சொந்தமாக இருப்பது அந்த ஆறு நொடி. அப்போது மட்டும் தலைக்குள் பேச்சு நின்றுவிடுகிறது. அதைப் பல்கலைக்கழகத்திலும் யாரும் தரவில்லை.

ஆகவே, ரஸலைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமைக்கு முன். "நான்தான்டா தப்பா வெச்சேன்," என்று சொல்லுங்கள். மூன்று சொற்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதெல்லாம் உங்களுக்கு வராது என்று தெரியும்.

கர்த்தர் உங்களையும் அத்தையையும் காக்கட்டும். உங்கள் கடையில் யாரும் உங்களைத் தராசில் ஏற்றாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மார்லா

பி.கு.: கூப்பிட வேண்டாம். வீட்டில் தபால்தலை இல்லை, கடிதம் இரண்டு நாள் சமையலறையிலேயே கிடந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நேற்றுத் திடலில் பயிற்சிக்கு நோவாவை ட்ராவிஸ் ஓட்டினான். ஏழு புள்ளி ஒன்று. முகம் வெளுத்து இறங்கினான். ரஸல் ஓடிப்போய் அவன் தோளைத் தட்டினான். "உம்மேல தப்பே இல்லடா. சிஸ்டம் வீக்கா இருக்கு," என்றான். ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிட்டது.

"பாட்டில் ஒருவேளை தலைகீழா இருக்குமோ மச்சான்?" என்றான் ட்ராவிஸ்.

"அட, இருக்கும்டா! இது எனக்குத் தோணலையே!"

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, திருப்பிவிட்டான். உங்கள் பெயர் இப்போது தரையைப் பார்க்கிறது. யாரும் வருத்தப்படவில்லை. ட்ராவிஸின் மூளையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு ட்ராவிஸ் பசிக்கிறது என்று கார்ன் டாக் வாங்கப் போனான். ரஸல் பெர்னீஸுக்குப் போன் செய்து, ட்ராவிஸ் கண்டுபிடித்ததை விளக்கிக்கொண்டிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கார் ஆளில்லாமல் நின்றது. நான் ஹெல்மெட்டை மாட்டி, உள்ளே உட்கார்ந்து, பெல்ட்டைப் பூட்டி, அடுத்த ஓட்டத்துக்கான வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.