நாற்பதாம் நாள் குழம்பு

உள்ளங்கையில் விட்ட ஆட்டுக்கறிக் குழம்பை நக்கியதும் பாக்கியசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே உப்பு.

"எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டார் சமையல்காரர் குமரகுருபரன்.

போன வருஷமாக இருந்தால், "ஏன்வே, புன்னக்காயல் கடலையே கோரிட்டு வந்து ஊத்திட்டீரா?" என்று கத்தியிருப்பார். இந்த வருஷம் முடியாது. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை வரை நாற்பது நாள் எதற்கும் முறுமுறுக்க மாட்டேன் என்று, சபையார் முன்னிலையில் சபைக் குருவானவர் கிங்ஸ்லி ஐயரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். இன்று நாற்பதாம் நாள். இன்னும் ஒரு மணி நேரத்தில், சபையே கூடி உண்ணும் அசனப் பந்தி தொடங்குமுன் அவர் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும்.

"ஸ்தோத்திரம்" என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் பிடிவாதமாகத்தான் நின்றார். மின்சாரம் போனால் ஸ்தோத்திரம். சீவலப்பேரி டவுன் பஸ் நிற்காமல் போனால் ஸ்தோத்திரம். மனைவி பியூலா வைத்த குழம்பு சப்பென்று இருந்தாலும் ஸ்தோத்திரம். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் குறை சொல்லியே ஓய்வு பெற்றவருக்கு இது லேசான காரியமா?

ஆனால் இது எண்ணூறு பேர் சாப்பிடப்போகிற குழம்பு. குறை சொன்னால்தானே வாக்கு முறியும்? சத்தமில்லாமல் சரிசெய்தால்?

குமரகுருபரன் சோறு வடிக்கப் போன நேரம் பார்த்து, அண்டாவில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார். உப்பு அடங்கவில்லை. இன்னும் இரண்டு குடம். இப்போது குழம்பு ரசமாக ஓடியது. பதறிப்போய், சாம்பாருக்கு வேகவைத்திருந்த பருப்பை அள்ளிக் கொட்டினார்.

"அங்கன என்ன பண்ணுதிய அண்ணாச்சி?"

"ஜெபம் பண்ணுதேன்வே!"

அதில் பொய்யில்லை. கிண்டிக்கொண்டே ஜெபம்தான் பண்ணிக்கொண்டிருந்தார். கடைசியாக ருசி பார்த்தபோது, அப்படியே வீட்டுக் குழம்பு மாதிரி இருந்தது.

மணி அடித்தது. பாக்கியசீலன் எழுந்து நின்றார்.

"நாப்பது நாளா நான் ஒரு குறையும் சொல்லலை. வாயை மூடினப்பதான், ஆண்டவர் எனக்கு எவ்வளவு செஞ்சிருக்காருன்னு கண்ணுல பட்டுது. போன வாரம் ஆஸ்பத்திரியில பிரஷர்கூட இறங்கிட்டுன்னுட்டாவ!" சொல்லிக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை.

"இன்னைக்கு ஒரு நாளாவது நாம எல்லாரும் அண்ணாச்சியை மாதிரி இருப்போம்" என்று ஐயர் முடித்துவைத்தார்.

இலை போட்டுப் பரிமாறினார்கள். கிரேஸ் டீச்சர் முதல் கவளத்தை வாயில் வைத்தார். முகம் கோணியது. ஐயரைப் பார்த்தார். "ஸ்தோத்திரம்" என்றார். அடுத்த இலையிலும் ஸ்தோத்திரம். ஆட்டுக்கறிக் குழம்பில் பருப்பைக் கண்டெடுத்த ஒருவர் இரண்டு தரம் ஸ்தோத்திரம் சொன்னார். ஐயரே மூன்றாம் முறையாக ஊறுகாய் கேட்டார்.

பாக்கியசீலன் தன் இலையில் பிசைந்து தின்று பார்த்தார். எந்தக் குறையும் தெரியவில்லை. பின்னே ஏன் இந்த முகங்கள்? மனசு கேட்காமல் அடுப்படிக்குப் போனார்.

"வே, உப்பு கூடிட்டுன்னு நான்தான் தண்ணி ஊத்தினேன். பருப்பும் நான்தான். மன்னிச்சிரும்."

குமரகுருபரன் ஓரமாக மூடி வைத்திருந்த ஒரு சின்னச் சட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"உப்பு சரியாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன அன்னைக்குத் தட்டைத் தூக்கி எறிஞ்சியளாமே, அதான் நீங்க வாக்குக் குடுத்த மறுநாளே உங்க வீட்டம்மா உப்புப் போடுறதை நிறுத்திட்டாவ. இன்னைக்கும் உங்களுக்கு மட்டும் தனியா உப்பில்லாம வைக்கச் சொன்னாவ, நீங்க என்னடான்னா ஊருக்கே பத்தியம் போட்டுட்டிய!"